மாமா என்று எழுதிய இரண்டு டியூப்கள்

1991இல் தினமும் நாலரை மணி நேரம் எனக்குப் பிரயாணத்திலேயே போயிற்று. ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். காலை ஐந்தே முக்கால் பஸ் வந்தால் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலைப் பிடிக்கலாம்; வராவிட்டால் கம்பெனி வேனில் கெஞ்சி ஏற வேண்டும். வராத நாள்தான் அதிகம். ரயிலில் கிண்டி, அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு லேப். லேபுக்குள் நுழையும்போதே எனக்கு வீட்டுக்குப் போகலாம் போலிருக்கும்.

ஆராய்ச்சி மாணவி என்று அடையாள அட்டையில் போட்டிருந்தது. ஊரில் யாராவது "பொண்ணு இன்னா படிக்குது?" என்று கேட்டால் அம்மா, "வெட்டி ஒட்டுற படிப்பு" என்பாள். பாதிப் பேர் தையல் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி ரவிக்கைத் துணியோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆனால் அம்மா சொன்னது அப்படியொன்றும் தப்பில்லை. ஒரு ஜீனை செல் முதலில் அப்படியே நகல் எடுக்கிறது. அந்த நகலுக்குப் பெயர் ஆர்.என்.ஏ. அதில் வேண்டியதும் இருக்கும், வேண்டாததும் இருக்கும். வேண்டாத துண்டுகளை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டிய பிறகுதான் அதை வைத்துப் புரதம் செய்ய முடியும். எங்கே வெட்டுவது என்று செல் எப்படித் தீர்மானிக்கிறது என்பதுதான் என் தலைப்பு.

இதைப் பலருக்கு விளக்கி அலுத்துப் போனவள் நான். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வெட்ட வேண்டிய இடம் எப்போதும் ஜி, யூ என்ற இரண்டு எழுத்தில் ஆரம்பிக்கும். ஆனால் நாலே எழுத்தில் எழுதிய நகலில் ஜி, யூ என்பது எங்கே பார்த்தாலும் வரும். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் "மாமா" என்று கூப்பிட்டால் பன்னிரண்டு பேர் திரும்புவார்கள், அந்த மாதிரி. அம்மாவின் அண்ணனும் மாமா, அக்காவின் கணவரும் மாமா. இருந்தாலும் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. கூப்பிடுகிறவள் யார், பக்கத்தில் யார் நிற்கிறார்கள், குரலில் கிண்டல் இருக்கிறதா பயம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், சரியான மாமா எழுந்து வருவார். செல்லும் பக்கத்து எழுத்துகளைத்தான் பார்க்கிறது. அதனிடம் ஒரு சின்ன ஆர்.என்.ஏ. இருக்கிறது. அது அந்த இரண்டு எழுத்தோடு சேர்த்து அக்கம்பக்கத்து எழுத்துகளின் மேலும் போய் உட்கார்ந்து பார்க்கும். நன்றாகப் பொருந்தினால் அங்கே வெட்டு. கூட நின்று உதவுகிற புரதங்களும் உண்டு என்று அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்துகொண்டிருந்தது. மற்ற ஜி-யூக்கள் பாட்டுக்குச் சும்மா கிடக்கும்.

அக்கா மகனுக்கு நோய் வந்ததால்தான் நான் இந்தத் தலைப்பை எடுத்தேன் என்று லேபில் ஒரு பேச்சு. அப்படியெல்லாம் இல்லை. என் கைடு கொடுத்த தலைப்பு அது. நோய் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டது.

பையனுக்கு அப்போது மூன்று வயது. தாலசீமியா. மாதம் ஒரு தடவை சென்னைக்குக் கூட்டிப் போய் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றி வந்த வாரம் ஓடுவான். நாலாவது வாரம் சுவரோரமாக உட்கார்ந்து மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்ப்பான். அவன் ரத்தத்தை நானே படித்துப் பார்த்திருந்தேன். வெட்டும் இடத்திலிருந்து ஐந்தாவது எழுத்து ஜி என்று இருக்க வேண்டும், அவனுக்கு சி என்று இருந்தது. ஒரே ஒரு எழுத்து. ஜி-யூ அங்கேயேதான் இருக்கிறது, பக்கத்து எழுத்துதான் மாறிவிட்டது. சின்ன ஆர்.என்.ஏ.வால் அங்கே சரியாக உட்கார முடியவில்லை. உட்கார முடியாவிட்டால் செல் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்காது. இத்தனை நாள் சும்மா கிடந்த பக்கத்து ஜி-யூ ஏதாவது ஒன்றைப் பிடித்து அங்கே வெட்டிவிடும். பதினாறு எழுத்து முன்னால் வெட்டினால்கூட முடிந்தது கதை, ரத்தம் ஊறாது.

அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, இரண்டிலும் சி இருந்தால்தான் இந்த நோய். ஒன்றில் மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பழக்கம். அம்மாவின் அண்ணனுக்கு அப்பாவின் தங்கையைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் மகனுக்கு அக்காவைக் கொடுத்தார்கள். அந்த எழுத்து எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இரண்டு பேருக்கும் வர வழி இருந்தது.

அந்த ஜூலையில் அக்கா மறுபடி உண்டாகியிருந்தாள். ஏழு வாரம்.

"இதுக்கும் அது கீதான்னு பாத்து சொல்லுடி. கீதுன்னா இத வெச்சிக்க மாட்டேன். இன்னொரு புள்ளய சுவத்துல சாய்ச்சி வெச்சிப் பாக்க என்னால ஆவாது" என்றாள். அழவில்லை. காய் அரிந்துகொண்டே சொன்னாள்.

கருவிலிருந்து துளி எடுத்துக் கொடுக்கும் டாக்டர் ஒருவர் சென்னையில் இருந்தார். தாய், தகப்பன் இரண்டு பேருடைய எழுத்துகளும் கோடுகளாகப் பதிந்த பிலிமை முதலில் காட்டுங்கள், பதினோராவது வாரத்துக்குள் வாருங்கள், தாண்டினால் வேறு முறை, அது இன்னும் சிரமம் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பவுண்டரை வீட்டுக்கு வரவழைத்தேன். அக்காவும் அவள் கணவரும் போதும். ஆனால் எனக்கு ஆசை விடவில்லை. இந்த எழுத்து எந்த வழியாக வந்தது என்று ஒரு குடும்பப் படம் வரைந்து தீசிஸில் போட்டால் நன்றாக இருக்குமே என்று, அம்மாவின் அண்ணனுக்கும் அத்தைக்கும்கூட ரத்தம் எடுக்கச் சொன்னேன். நாலு டியூப். கம்பவுண்டர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, பிளாஸ்திரி ஒட்டி நான் ஆங்கில எழுத்தில் எழுதினேன்: அக்கா, மாமா, மாமா, அத்தை. பெயர் எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. மாமாக்கள் இரண்டு பேரையும் பிறந்ததிலிருந்து நான் பெயர் சொன்னதில்லை.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கம் பஸ்ஸில் போனால் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. ரேஷன் கார்டில் ஸ்ரீபெரும்புதூர் தாலுகா என்று இருந்தாலே இரண்டு கேள்வி அதிகம். திங்கட்கிழமை காலை சிங்கப்பெருமாள் கோவில் போகும் வழியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒரு கான்ஸ்டபிள் என் பிளாஸ்கைத் திறந்தார். ஐஸுக்கு நடுவில் நாலு டியூப் ரத்தம்.

"இன்னாம்மா இது?"

"டெஸ்டுக்கு சார். எங்க வூட்டு ஆளுங்க ரத்தம்."

ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். "குடும்பமே ஐஸ்ல கீதா? சரி, இதுல ரெண்டு மாமா கீதே?"

"ஒருத்தர் அம்மாகூடப் பொறந்தவரு. ஒருத்தர் எங்க அக்கா வூட்டுக்காரரு சார்."

"எது யாருதுன்னு உனக்கு எப்டித் தெரியும்?"

"தெரியும் சார்" என்றேன். பஸ்ஸில் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இடது ஓரத்தில் வைத்தது அக்கா கணவருடையது என்று என் கணக்கு. கான்ஸ்டபிள் எடுத்ததையெல்லாம் எப்படித் திருப்பி வைத்தார் என்று நான் பார்க்கவில்லை. ரயில் போய்விடுமே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே காய்ச்சல். மஞ்சள் காமாலை. பத்து நாள் கீழாநெல்லியும் மோரும். லேபில் என்கூட வேலை பார்த்தவள் கல்கத்தாப் பெண், தங்கமானவள். நான் கேட்காமலே என் டியூப்களில் இருந்து டி.என்.ஏ. பிரித்து வைத்திருந்தாள். திரும்பிப் போனபோது அக்கா, மாமா, அத்தை என்று மூன்று குப்பிகள் இருந்தன. ஒரு ரத்த டியூப் குளிர் அறையிலேயே இருக்கிறது, அது தேவைப்படவில்லை என்றாள். சரி, பெரிய மாமாவுடையது, அம்மாவின் அண்ணனுடையது, அவசரமில்லை என்று நினைத்துக்கொண்டேன். எதையும் இரண்டாவது தடவை யோசிக்கத் தெம்பில்லை.

பிலிம் வந்தது. ஐந்தாவது எழுத்தில் அக்காவுக்கு ஜி வரிசையில் ஒரு கோடு, சி வரிசையில் ஒரு கோடு. எதிர்பார்த்ததுதான். மாமாவுக்கு ஜி மட்டும். நன்றாகக் கறுப்பாக, ஒரே கோடு. சோதனையை மறுபடி ஓட்டினேன். அதே ஒரு கோடு.

பையனுக்கு இரண்டு பிரதியிலும் சி. அக்கா ஒன்றைக் கொடுத்தாள். மாமாவிடம் கொடுக்க ஒன்றுமே இல்லை. அப்படியானால்?

நான் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டியூபைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அக்காவைச் சந்தேகப்பட்டேன். என்கூடப் பிறந்தவளை, என் தலையில் பேன் பார்த்தவளை. கல்யாணத்துக்கு முன்பு அவள் ஸ்ரீபெரும்புதூரில் டைப்ரைட்டிங் கிளாஸ் போனாள். அங்கே ஒரு பையன் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வருவான். இரண்டொரு தடவை நானே பார்த்திருக்கிறேன். ஒன்றும் இல்லாத விஷயம். ஏழு வருஷமாக அதை நினைத்ததுகூட இல்லை. பிலிமைப் பார்த்த அரை மணி நேரத்தில் அந்தப் பையன் எனக்குச் சட்டையின் நிறம் முதற்கொண்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டான். இருக்க வேண்டியது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றதும், சும்மா கிடந்த ஒன்றைப் பிடித்து நான் ஒட்டிவிட்டேன். இதைத்தான் நான் தீசிஸாக எழுதிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஐந்து நாள் அதைச் சுமந்துகொண்டு ரயிலில் போனேன், வந்தேன். ஒருநாள் சாயங்காலம் அக்கா கணவர் ஷிப்ட் முடிந்து வேனிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்துவிட்டார். கை முழுக்க கிரீஸ். "இன்னா கொழுந்தியா, என் ரத்தத்துல இன்னா கண்ட? உன் அக்கா மேல வெச்சிருக்கிற பாசம் தெரிஞ்சிதா?" என்று சிரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எதிர்ப்பக்கம் நடந்தேன். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மோட்டார் கொட்டகைத் தொட்டியில் துவைத்துக்கொண்டிருந்தாள். பத்தாவது வாரம். பையன் ஈர மண்ணில் குழி தோண்டிக்கொண்டிருந்தான்.

"பிலிம் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சி. அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. டைப்ரைட்டிங் கிளாஸ்ல ஒரு பையன் இருந்தானே?"

"எந்தப் பையன்?" அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. முகத்தைச் சுருக்கி யோசித்தாள். "ஆமா, நெட்டையா ஒருத்தன். அவனுக்கு இன்னா இப்ப?"

"மாமா ரத்தத்துல அது இல்ல. கொழந்தைக்கு ரெண்டு பக்கமும் கீது."

சோப்பு போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. நான் சொன்னதையும் அந்தப் பையனையும் அவள் சேர்த்துப் பார்ப்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. புரிந்ததும் அவள் கத்துவாள், என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை.

"நீ இன்னா சொல்ல வர?"

"நான் ஒண்ணும் சொல்லல. கேக்கறேன்."

"நீ கேக்கற." என் முகத்தைப் பார்த்தாள். "வூட்டுக்குப் போ."

மறுபடி துணியை எடுத்துக் குனிந்துகொண்டாள். அவள் கணவரின் கம்பெனி யூனிபார்ம் சட்டை. காலரை இரண்டு கையாலும் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் லேபில் கல்கத்தாக்காரி குளிர் அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மீந்த அந்த ரத்த டியூபைத் தூக்கிக் காட்டி, உன் மாமாவின் இரண்டாவது டியூபை எறிந்துவிடவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இரண்டாவது டியூபா என்றேன்.

இரண்டிலும் ஒரே பெயர்தானே எழுதியிருந்தாய், ஒரே ஆளிடம் இரண்டு டியூப் எடுத்திருப்பாய் என்று ஒன்றை மட்டும் பிரித்தேன் என்றாள். எதை எடுத்தாய் என்றேன். கைக்கு வந்ததை என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் மாமா என்றால் அம்மாவின் சகோதரன் மட்டும்தான், உங்கள் பக்கம் வேறு யாராவது உண்டா என்று கேட்டாள். பாவம், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்திருந்தால் அந்த வார்த்தை யாருக்கும் குழம்பியிருக்காது. ஐஸில் வைத்த டியூபுக்கு அக்கம்பக்கம் ஏது?

அந்த டியூபைப் பிரித்து ஓட்டிப் படிக்க நாலு நாள் ஆயிற்று. ஐந்தாவது எழுத்தில் இரண்டு கோடு, ஜி ஒன்று, சி ஒன்று. மீந்த ரத்தத்தில் குரூப்பும் பார்த்தேன்; கம்பெனி அட்டையில் இருந்த அக்கா கணவரின் குரூப்பேதான், பெரிய மாமாவுடையது வேறு. இதுதான் அக்கா கணவருடையது. முன்னால் ஓட்டியது பெரிய மாமாவுடையது; அவரிடம் எதுவும் இல்லை. அத்தைக்கு இரண்டு கோடு. எங்கள் அப்பாவின் தங்கை வழியாக அக்கா கணவருக்கு வந்திருக்கிறது, அப்பா வழியாக அக்காவுக்கு. தீசிஸில் போட அருமையான குடும்பப் படம். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்று மத்தியானமே ரயில் ஏறி நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு பிலிமையும் நீட்டினேன். டியூபில் நான் எழுதியது, போலீஸ்காரர், காமாலை, கல்கத்தாக்காரி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்குச் சொல்வது போலத்தான் கேட்டது. அக்கா பிலிமை வாங்கவில்லை.

"தப்பு என்னுது. மாமாவுக்கும் அது கீது. பையன் மாமாவுக்குத்தான் பொறந்தான்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "அவருகிட்ட எதுனா சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. அவருக்கு உன் மேல உசிரு. மனசு வுட்டுடுவாரு." பிறகு சேலை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "டாக்டரு எப்ப வரச் சொல்லியிருக்காரு?"

பதினோராவது வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது போனோம். ரயிலில் அவள் ஜன்னலோரம், நடுவில் அவள் கணவர், இந்தப் பக்கம் நான். வழி முழுக்க மாமாதான் பேசிக்கொண்டு வந்தார். கம்பெனியில் புது பிரஸ் வந்திருப்பது, ஒரகடத்தில் யாரோ மனை போட்டிருப்பது. அக்கா அவருக்கு ம் போட்டாள். டாக்டர் கொடுத்த டியூபில் அக்காவின் பெயர், இனிஷியல், வயது, ஊர், தேதி எல்லாம் எழுதினேன். எழுதி முடித்து நர்ஸைப் படித்துக் காட்டச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஒன்பது நாள் கழித்துப் பிலிம் வந்தது. ஒரு ஜி, ஒரு சி. இரண்டு தடவை ஓட்டினேன். கல்கத்தாக்காரியிடம் யாருடையது என்று சொல்லாமல் படிக்கச் சொன்னேன். அவளும் அதையே படித்தாள்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். "கொழந்தைக்கு நோய் இல்ல. உன்ன மாதிரிதான், ஒரு பக்கம் மட்டும் கீது. ஒண்ணும் ஆவாது, வெச்சிக்கலாம்" என்று வாசலிலிருந்தே சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அழுதாள், வாய்விட்டு. இத்தனை வாரமாக அழாததெல்லாம் சேர்ந்து வந்தது. நானும் உட்கார்ந்து அவள் தோளைப் பிடிக்கப் போனேன். கையை நீட்டித் தடுத்தாள். கோபமாகத் தள்ளவில்லை, மெதுவாகத்தான்.

"சந்தோசமாத்தான் கீது. உன் எதுர்ல சந்தோசப்பட முடியல. கொஞ்சம் வெளிய இரு."

எழுந்து வெளியே வந்தேன். பையன் என்னைப் பார்த்து, "சித்தி, அம்மா ஏன் அழுவுது?" என்று கேட்டான். தங்கச்சியோ தம்பியோ வரப் போகுது, அதான் என்றேன்.

மாசியில் பெண் பிறந்தாள். ஒரு நோய் நொடி இல்லாமல் வளர்ந்து, இன்றைக்கு அவளுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. மாமா கடைசிவரை எதுவும் தெரியாமலே என்னைக் கிண்டல் செய்துகொண்டு இருந்துவிட்டுப் போனார். அக்கா என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள், எல்லோரும் இருக்கும்போது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு அறையில் இருக்க நேர்ந்தால், அவளுக்கு உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும்.